திரையில் தமிழ், காகிதத்தில் ஆங்கிலமா? பிரிண்டர் டிரைவரும் எழுத்துருவும்

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் பிரிண்டர்தான். வாங்கிய முதல் வாரத்திலேயே பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "திரையில் தமிழ் அழகாகத் தெரிகிறது, பிரிண்ட் கொடுத்தால் ஏதேதோ வருகிறதே, ஏன்?" இந்தக் கேள்வியை என்னிடம் கடைசியாகக் கேட்டவர் என் சித்தப்பா.

2024 ஜனவரியில் பொங்கல் விடுமுறைக்குப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போயிருந்தேன். அதற்கு முந்தைய மாதம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழை நினைவிருக்கும். கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கினால் எளிதில் வடியாது. உளுந்தும் மக்காச்சோளமும் மிளகாயும் அழுகிப் போயின. பயிர் இழந்த 41 பேரின் பெயர், சர்வே எண், பரப்பளவு எல்லாவற்றையும் சித்தப்பா தன் புதுக் கம்ப்யூட்டரில் பட்டியலாக அடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை தூத்துக்குடியில் குறைதீர்க்கும் கூட்டம். அதில் மனுவாகக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை இரவு பிரிண்ட் கொடுத்தால் ஒரு தமிழ் எழுத்துகூட வரவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான்.

"என்னய்யா, இன்ஜினீயருக்குப் படிச்சிருக்க, இதைச் சரி பண்ண மாட்டியா?" என்றார். கௌரவப் பிரச்னை ஆகிவிட்டதால் உட்கார்ந்தேன். அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

டிரைவர் என்பது துபாஷி

எங்கள் ஊர்க் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கும்பினிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. பாளையக்காரர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இரு பக்கத்துக்கும் நடுவில் துபாஷி நின்று பேசினார். பிரிண்டர் டிரைவர் என்ற சாப்ட்வேர் செய்வதும் அதே வேலைதான். வேர்டு போன்ற புரோகிராம் சொல்வதை, பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்கிறது. துபாஷி தப்பாகச் சொன்னால் இரண்டு பக்கமும் நல்லவர்களாக இருந்தும் காரியம் கெட்டுவிடும்.

பிரிண்டர்களுக்கு மொழிகள் பல உண்டு. முக்கியமானவை நான்கு.

1. இஎஸ்சி/பி: எப்சன் நிறுவனம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களுக்காக உருவாக்கியது. பில் போடும் கடைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

2. பிசிஎல்: எச்பி நிறுவனத்தின் மொழி. 1984ல் வந்த முதல் லேசர்ஜெட் பிரிண்டரிலேயே இது இருந்தது. பிறகு பிசிஎல் 5, பிசிஎல் 6 என வளர்ந்தது. வேறு பல நிறுவனங்களின் லேசர் பிரிண்டர்களுக்கும் இது புரியும்.

3. போஸ்ட்ஸ்கிரிப்ட்: அடோபி நிறுவனத்தின் மொழி. அச்சகங்களிலும் டிடிபி வேலைகளிலும் அதிகம் பயன்பட்டது.

4. சொந்த மொழி எதுவும் பேசாதவை: விலை குறைந்த பல லேசர் பிரிண்டர்கள் இந்த வகை. பக்கத்தை முழுப் படமாகக் கம்ப்யூட்டரே வரைந்து அனுப்பிவிடும். இவற்றுக்கு அந்தந்த மாடலுக்கு உரிய டிரைவர் மட்டுமே சரிப்படும்.

பிரிண்டர் எழுத்துருவை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

பிசிஎல் மொழியில் ஒவ்வொரு கட்டளையும் எஸ்கேப் என்ற குறியில் தொடங்கும். இதன் எண் 27. இந்தக் குறி வந்ததும், "இனி வருவது அச்சடிக்க வேண்டிய எழுத்து இல்லை, எனக்கான உத்தரவு" என்று பிரிண்டர் புரிந்துகொள்கிறது.

எழுத்துரு கேட்கும் உத்தரவில் ஏழு விவரங்கள் முக்கியம். எழுத்துத் தொகுப்பு, எழுத்துகளின் அகலம் ஒரே அளவா மாறுவதா, ஓர் அங்குலத்துக்கு எத்தனை எழுத்து, உயரம், நேரா சாய்வா, தடிமன், கடைசியாக எழுத்துருவின் குடும்பம். குடும்பத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். கூரியருக்கு 4099, ஏரியலுக்கு 16602, டைம்ஸ் நியூ ரோமனுக்கு 16901.

கவனியுங்கள், இந்த வரிசைதான் முன்னுரிமை வரிசையும். கேட்ட எழுத்துரு பிரிண்டரிடம் இல்லையென்றால் அது "இல்லை" என்று சொல்லாது. இந்த வரிசைப்படி பார்த்து, தன்னிடம் உள்ளதில் நெருக்கமான ஒன்றை எடுத்து அச்சடித்துவிடும். நாம் முக்கியம் என்று நினைக்கும் எழுத்துருக் குடும்பம் அந்த வரிசையில் ஏழாவது இடத்தில்தான் இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராமலே எழுத்து மாறிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சாதாரணமாக நாம் வாங்கும் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது. ஆகவே தமிழ் அச்சாக வேண்டுமானால், கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துருவை டிரைவர் பிரிண்டருக்கு இறக்கிக் கொடுக்க வேண்டும். அல்லது எழுத்துகளைப் படமாக்கி அனுப்ப வேண்டும். டாட் மேட்ரிக்ஸில் ஆங்கில பில் படபடவென்று வருவதும், தமிழ் பில் நிதானமாக வருவதும் இதனால்தான். ஆங்கிலத்துக்குப் பிரிண்டரின் சொந்த எழுத்து; தமிழுக்குப் படம்.

அறிகுறியைப் பார்த்து நோயைக் கண்டுபிடியுங்கள்

ஆங்கில எழுத்துகள் வருகின்றனவா? பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். இவற்றில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண் இல்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களையே எடுத்துக்கொண்டு தமிழ் வடிவத்தை மாட்டியிருப்பார்கள். பாமினியில் "அம்மா" என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு மாறினால் அந்த ஐந்தும் வேஷம் கலைந்து ஆங்கிலமாகவே வரும்.

கட்டம் கட்டமாக வருகிறதா? யூனிகோட் தமிழில் அடித்திருக்கிறீர்கள்; அச்சாகும் எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை. லதா அல்லது நிர்மலா யுஐ எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள்.

கொம்பு இடம் மாறி, எழுத்துக்குப் பின்னால் வருகிறதா? யூனிகோடில் "கெ" என்றால் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படும். காட்டும்போதுதான் கொம்பு முன்னால் வரும். அந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாத பழைய புரோகிராம்களில் இப்படி ஆகும். பிடிஎப் பைலாக்கி, அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, படமாக அச்சிடும் வசதியில் டிக் செய்திடவும்.

பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள் ஓடுகின்றனவா? பிரிண்டருக்குத் தெரியாத மொழியில் டிரைவர் பேசுகிறது. போஸ்ட்ஸ்கிரிப்டை பிசிஎல் மட்டும் தெரிந்த பிரிண்டருக்கு அனுப்பினால், உத்தரவுகளையே பாடமாக நினைத்து அச்சடிக்கும். உடனே பிரிண்டரை நிறுத்திவிட்டு, காத்திருக்கும் வேலைகளை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் காகிதக் கட்டு தீரும்வரை ஓடும்.

சித்தப்பா வீட்டில் நடந்தது

முதல் வேலையாக, கம்ப்யூட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிரிண்டரிலேயே சோதனைப் பக்கம் எடுத்தேன். நன்றாக வந்தது. ஆக, பிரிண்டர் மீது தவறில்லை. நீங்களும் இதையே முதலில் செய்யுங்கள்; மெக்கானிக் செலவு மிச்சம்.

அடுத்து டிரைவரின் பெயரைப் பார்த்தேன். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்று சென்று, உங்கள் பிரிண்டரின் பெயரில் கிளிக் செய்து, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் திறந்திடவும். அட்வான்ஸ்டு டேபில் டிரைவர் பெயர் இருக்கும். அங்கே "ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி" என்று இருந்தது. சித்தப்பா வாங்கியது பழைய லேசர் பிரிண்டர். அதன் டிரைவர் கிடைக்காமல், நிறுவிக் கொடுத்தவர் இதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இந்த டிரைவர் எழுத்தின் குறிகளை மட்டும் அனுப்பும். எழுத்துருவை அனுப்பவே அனுப்பாது. பாமினியின் வேஷம் கலைந்த காரணம் தெரிந்துவிட்டது.

பிரிண்டர் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து, பல மாடல்களுக்கும் பொதுவான பிசிஎல் 5 டிரைவரை இறக்கினேன். அதே அட்வான்ஸ்டு டேபில் நியூ டிரைவர் பட்டன் மூலம் நிறுவினேன். இப்போது தமிழ் வந்தது. ஆனால் சில எழுத்துகள் மட்டும் விடுபட்டிருந்தன. பட்டியலில் ஒரு பெயருக்கு நடு எழுத்தே இல்லை. நிவாரணம் கேட்கும் மனுவில் ஆதாரில் ஒரு பெயரும் பட்டியலில் ஒரு பெயரும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துருவை இறக்கிக் கொடுப்பதில் கோளாறு என்று ஊகித்து, இரண்டாவது வழிக்குப் போனேன். பிரிண்டிங் பிரிபரன்சஸ் விண்டோவில் அட்வான்ஸ்டு பகுதியில், எழுத்தைப் படமாக அச்சிடும் வசதியைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்தெல்லாம் சரியாக வந்தது. ஆனால் பக்கம் பாதியில் நின்றுவிட்டது.

இதற்குக் கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் அகலத்தில் 4,961, உயரத்தில் 7,016 புள்ளிகள். மொத்தம் ஏறக்குறைய 3 கோடியே 48 லட்சம். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்றால் சுமார் 4.35 எம்பி. அந்தப் பிரிண்டரின் நினைவகமோ 2 எம்பி. டிரைவர் சுருக்கி அனுப்பியும் கொள்ளவில்லை. 300 புள்ளிக்கு மாற்றினேன். நான்கில் ஒரு பங்காகி, சுமார் 1.09 எம்பி ஆயிற்று. முழுப் பக்கமும் வந்தது. மனுவுக்கு 300 புள்ளித் தெளிவு தாராளம்.

இன்னொரு பள்ளம்

பட்டியலைப் பென் டிரைவிலும் கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். வாங்குபவர் கம்ப்யூட்டரில் பாமினி இல்லாவிட்டால் அங்கேயும் ஆங்கிலமாகத்தான் தெரியும். ஆகவே எழுத்துருமாற்றி மூலம் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றினேன். வேலை முடிந்தது என்று எழுந்தபோது, பட்டியலை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா நிறுத்தினார். "ஏப்பா, 112/2யு-ன்னு இருக்கே, இது எவன் நிலம்?"

அது 112/2ஏ. உட்பிரிவைக் குறிக்கும் ஆங்கில ஏ எழுத்தை வேறு ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தார். மாற்றி மென்பொருளுக்கு அது தெரியாது. பாமினியில் பெரிய ஏ எழுத்துக்கு உரிய வடிவம் "யு". அப்படியே மாற்றிவிட்டது. உட்பிரிவு உள்ள எல்லா எண்களிலும் இதே கதை. நானாக இருந்தால் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பேன். 41 வரிகளையும் கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டுத் திருத்தி முடிக்க நள்ளிரவு தாண்டியது. திங்கட்கிழமை காலை மனு சரியான எண்களோடு போனது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. முதலில் பிரிண்டரின் சொந்தச் சோதனைப் பக்கம். அடுத்து டிரைவரின் பெயர். அதன் பிறகே எழுத்துரு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

2. புதிதாக அடிப்பவற்றை யூனிகோடிலேயே அடியுங்கள். தமிழக அரசும் 2010ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

3. பழைய எழுத்துருவில் உள்ள பைலைப் பிறருக்கு அனுப்பினால் பிடிஎப் ஆக அனுப்புங்கள். அல்லது வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று சென்று, எழுத்துருவைப் பைலுக்குள் பதிக்கும் வசதியில் டிக் செய்திடவும்.

4. பழைய பிரிண்டர் வாங்கும் முன், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பிற நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் மூலம் வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக மைக்ரோசாப்ட் 2023ல் அறிவித்திருக்கிறது. ஆகவே கையில் உள்ள டிரைவர் பைலை ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள்.

5. எழுத்துருவை மாற்றிய எந்தப் பைலையும் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். முடிந்தால் கம்ப்யூட்டர் தெரியாத, விஷயம் தெரிந்த ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கடைசிப் பிழையைப் பிடித்தது அப்படிப்பட்ட ஒருவரின் கண்தான்.