திக்... திக்... முதல் ரெண்டு நிமிஷம்!

ஒரு சீன் சொல்றேன், மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க.

1930-கள். நெய்வேலி பக்கம் ஒரு செம்மண் நிலம். தண்ணீருக்காக பூமியைத் துளைக்கிறார்கள். திடீர்னு தண்ணீர் பீறிட்டு வருது. சுற்றி நிற்கிறவங்க முகத்தில் சிரிப்பு. ஆனா, தண்ணீர் தெளிவா இல்லை. கூடவே கறுப்பா என்னமோ வருது. ஒருத்தர் குனிந்து அதைக் கையில் எடுக்கிறார். விரல் நடுவே வைத்துத் தேய்க்கிறார். முகத்தில் சிரிப்பு மறையுது. கட்!

'செம ஓபனிங் பாஸ், எந்தப் படம்?'னு கேட்கறீங்களா? சிரிப்பும் விரலும் நம்ம கற்பனை. தண்ணீரும் கறுப்பும் நிஜம். ஜம்புலிங்க முதலியார் என்பவரோட நிலத்தில் தண்ணீரோடு வந்த அந்தக் கறுப்புத் துகள்கள்தான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் அதுக்காக ஒரு நிறுவனமே பிறந்தது, அப்புறம் பிளாக் பிளாக்கா ஒரு நகரமே எழுந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம். நீங்க குறிஞ்சிப்பாடிக்காரர். கல்லூரியில் குறும்படப் போட்டி. நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு மொபைல், சுமாரா ஒரு ட்ரைபாட். ஒரு ஹாரர் த்ரில்லரோட முதல் ரெண்டு நிமிஷத்தை மட்டும் எடுத்துக் காட்டணும். டீக்கடை பெஞ்சில் முதல் டிஸ்கஷன். கால் மணி நேரத்தில் என்னென்ன ஐடியா வரும்னு நானே சொல்லட்டுமா? வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், ஆந்தை, தானாகத் திறக்கும் கதவு, நட்டநடு ராத்திரியில் தனியா நடந்து வர்ற ஒரு பொண்ணு!

இதில் ஒண்ணுகூட உங்களுடையது இல்லை. எல்லாமே ஏற்கெனவே யாரோ பயந்து முடிச்ச பயம். பழைய பயத்தை வாங்கி விக்கிறதை விட்டுட்டு, கீழே இருக்கிற நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்க. ஓபனிங் தானா வரும்.

கேள்வி 1: எதை மறைக்கப் போறீங்க?

'எதைக் காட்டலாம்?'னு ஆரம்பிக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. த்ரில்லரோட மூலதனம், காட்டாமல் விடுறதுதான்.

1954-ல் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' நினைவிருக்கா? பாட்டே இல்லாமல் வந்த தமிழ்ப்படம். ஹீரோ சிவாஜி கணேசன். ஆனா, படம் ஆரம்பிச்ச உடனேயே அவரைச் சுட்டுக் கொன்னுடுறாங்க! கொலையைக் காட்டிட்டார், கொன்னது யாருன்னு மறைச்சுட்டார். மீதிப் படம் முழுக்க நம்மை உட்கார வைக்கிறது அந்த ஒரு மறைப்புதான்.

1975-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' இதுக்கு நேரெதிர். ராத்திரிக் கடலில் ஒரு பொண்ணு நீந்தப் போறா. ஏதோ அவளை இழுக்குது. தண்ணிக்கு மேலே தெரிவது அவள் மட்டும்தான், சுறா கண்ணில் படாது. ஷூட்டிங்கில் இயந்திரச் சுறா அடிக்கடி மக்கர் பண்ணியதும் அதைப் படத்தில் குறைவாகவே காட்டியதற்கு ஒரு காரணம். உங்ககிட்டேயும் பேய் மேக்கப்புக்குக் காசு இல்லையா? வாழ்த்துகள்! நீங்க சரியான ரூட்டில்தான் இருக்கீங்க.

டிப்ஸ்: ஸ்க்ரிப்ட் பேப்பரின் தலைப்பில், 'இந்த ரெண்டு நிமிஷத்தில் ஆடியன்ஸுக்குத் தெரியக்கூடாதது' என்று ஒரே ஒரு வரி எழுதுங்க. அந்த வரி எழுத முடியலைன்னா, உங்ககிட்ட இன்னும் கதை இல்லைன்னு அர்த்தம்.

கேள்வி 2: யாரோட கண்ணு?

கேமரா சும்மா ஒரு மெஷின் இல்லை. அது எப்பவும் யாரோ ஒருத்தரோட கண்ணு. 1978-ல் வந்த 'ஹாலோவீன்' படத்தின் ஓபனிங்கில், கொலைகாரனோட கண் வழியாவே வீட்டுக்குள் போறோம். கடைசியில் கேமரா வெளியே வந்து பார்த்தா... கத்தியோடு நிற்கிறது ஆறு வயசுப் பையன்! கண்ணைக் கொடுத்துட்டு ஆளை மறைச்சதில்தான் அந்த அதிர்ச்சி.

சாம் ரெய்மி என்ற அமெரிக்க இளைஞர் தன் நண்பர்களோட சேர்ந்து 1978-ல் 'வித்தின் த வுட்ஸ்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். அதைப் போட்டுக் காட்டிப் பணம் திரட்டித்தான் 'ஈவில் டெட்' எடுத்தார். காட்டுக்குள் பாய்ந்து வரும் தீய சக்தியோட பார்வைக்கு என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு மரப்பலகையில் கேமராவை முடுக்கி, ரெண்டு முனையையும் ஆளுக்கொருவர் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. அவ்வளவுதான்! நம்ம முந்திரிக்காட்டில் கிளைகள் எவ்வளவு தாழ்வா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். இடுப்பு உயரத்தில் ஒரு பலகை போனால் எப்படி இருக்கும்? பகலிலேயே ஒரு தடவை ஓடிப் பார்த்துடுங்க, ராத்திரியில் யார் மண்டையாவது உடையப் போகுது.

ஓடாத கேமராவும் பயமுறுத்தும். 2006-ல் ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே ஒரு வாரத்தில் எடுத்த படம் 'பேராநார்மல் ஆக்டிவிட்டி'. செலவு சுமார் 15,000 டாலர். ட்ரைபாட்ல நின்ன கேமரா, படுக்கையறைக் கதவு, தூங்குற ரெண்டு பேர். நாமே ஃப்ரேமுக்குள் மூலை மூலையாத் தேட ஆரம்பிச்சுடுவோம்.

கேள்வி 3: என்ன சத்தம்? எப்போ நிற்கும்?

படம் சுமாரா இருந்தால் ஆடியன்ஸ் மன்னிச்சிடுவாங்க. சத்தம் சொதப்பினால் எழுந்து போயிடுவாங்க. நெட்டில் இருந்து யாரோ போட்ட திகில் மியூஸிக்கை எடுத்து ஒட்டாதீங்க. காப்பிரைட் பிரச்னை ஒரு பக்கம், நம்ம ஊர் வாசனையே அதில் இருக்காது.

குறிஞ்சிப்பாடிக்குன்னு ஒரு சத்தம் இருக்கே! கைத்தறி. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுற 'டக்... டக்...' இதைவிடவா ஒரு பின்னணி இசை வேணும்? மனசு அந்தத் தாளத்துக்குப் பழகிடும். பழகின பிறகு அதை நிறுத்துங்க. அந்த ரெண்டு நொடி மௌனம் போதும்.

டிப்ஸ்: இன்னொரு மொபைலைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துத் தனியா ரெக்கார்ட் பண்ணுங்க. ஒவ்வொரு லொகேஷனிலும் யாரும் பேசாமல் அரை நிமிஷம் வெறும் இடத்தோட சத்தத்தையும் பதிவு பண்ணுங்க. எடிட்டிங்கில் கட் தெரியாமல் ஒட்ட அதுதான் பசை.

வெளிச்சத்துக்கும் இதே கணக்குதான். எல்லாத்தையும் இருட்டாக்கினால் கறுப்புத் திரைதான் மிஞ்சும். இருட்டில் ஒரு சின்ன வெளிச்சம் வேணும். 2012-ல் வந்த 'பீட்சா'வில் இருட்டு பங்களாவுக்குள் விஜய் சேதுபதி கையில் இருந்த டார்ச்சை மறக்க முடியுமா? அந்தப் படத்தை இயக்கிய கார்த்திக் சுப்பராஜும் 'நாளைய இயக்குநர்' டி.வி. நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்து வந்தவர்தான். அப்புறம் ஒரு டெக்னிக்கல் விஷயம்: நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் ஸ்பீடை 1/50 அல்லது 1/100-ல் வெச்சா, திரையில் கோடு கோடா ஓடாது.

கேள்வி 4: யாரோட வீடு?

இதுதான் முக்கியமான கேள்வி. இதைத்தான் யாருமே கேட்கிறதில்லை.

லொகேஷன் பார்க்கக் கிளம்புவீங்க. நெய்வேலி பக்கம் கூரை இல்லாத ஒரு வீடு கண்ணில் படும். சுவரில் பாதி பெயர்ந்த நீலச் சுண்ணாம்பு, முற்றத்தில் முளைச்ச செடி. 'மச்சி, சூப்பர் பேய் வீடுடா!'ன்னு கத்துவீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தப்போ காலி பண்ணிட்டுப் போன குடும்பத்தோட வீடா அது இருக்கலாம். அந்தச் சுவரில் பிள்ளைங்க உயரத்தைக் கோடு போட்டு அளந்திருப்பாங்க. அவங்க இப்போ உங்க கிளாஸ்லயே இருக்கலாம். அந்த வீட்டில் ஒரு பேயை உட்கார வெச்சு நாம சிரிச்சுக்கிட்டே பயந்தா, அவங்களுக்கு எப்படி இருக்கும்?

இன்னொண்ணு. 2020-ல் மே 7-ம் தேதியும் ஜூலை 1-ம் தேதியும் நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து நடந்தது. பல தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இங்கே ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போன அப்பா வீடு திரும்பும் வரை தூங்காத வீடுகள் நிறைய. 'ஒரு வெடிச் சத்தம், கத்தல், டைட்டில்'னு ஒருத்தர் ஈஸியா எழுதிடலாம். அந்தக் குறும்படத்தைப் பார்க்க வர்ற கூட்டத்தில் அந்த வீட்டுப் பொண்ணும் இருந்தால்?

இந்த ஊர்ப் பயத்தைத் தொடவே கூடாதுன்னு நான் சொல்லலை. தொடணும். அதுதான் உங்க பலம். ஆனா, அந்தப் பயத்துக்குச் சொந்தக்காரங்க யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தொடுங்க. போய்ப் பேசுங்க, கேளுங்க, அப்புறம் எழுதுங்க. (சுரங்கம், அனல்மின் நிலையம், ரயில் தண்டவாளம் பக்கம் அனுமதி இல்லாமல் கேமராவோடு போகாதீங்க. அது ஹீரோயிசம் இல்லை, ஆபத்து.)

இப்போ எடுத்துப் பார்ப்போமா?

நாலு கேள்விக்கும் பதில் எழுதி நாம ஒரு ஓபனிங் பண்ணுவோம்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு தெரு. ராத்திரி ஒரு மணி. ஒரு பொண்ணு அரியர் எக்ஸாமுக்குப் படிச்சுட்டு இருக்கா. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் 'டக்... டக்...' கேமரா நகரவே இல்லை. சத்தம் நிற்குது. அவள் தலை நிமிர்றா. ரெண்டு நொடி. மறுபடியும் 'டக்... டக்...' அவள் சிரிச்சுட்டுப் பக்கத்தைத் திருப்பறா. வாசலில் யாரோ கூப்பிடுறாங்க. எட்டிப் பார்த்தா, பக்கத்து வீட்டுப் பாட்டி, கையில் பையோடு.

"ஏம்மா, இன்னும் தூங்கலையா? கல்யாணத்துக்குப் போயிட்டு இப்பதான் எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கறோம்..."

'டக்... டக்...' நிற்கவே இல்லை. கட். டைட்டில்!

ரத்தம் இல்லை, மேக்கப் இல்லை, செலவு பாட்டிக்கு வாங்கித் தர்ற ஒரு டீ மட்டும்தான். ஆனா, இதை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிஜத் தறி வீட்டுக்குப் போகணும். சத்தம் ரெக்கார்ட் பண்ணணும்னு அந்த அண்ணன்கிட்ட பர்மிஷன் கேட்கணும். அப்படியே, 'தறிச் சத்தம் நின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்ணே?'ன்னும் கேளுங்க. பாவு இல்லாத நாள், கூலி வராத வாரம், உடம்புக்கு முடியாமல் படுத்த மாசம்னு அவர் சொல்லப் போற பதிலில் பேய் இருக்காது. ஆனா, உங்க படத்தோட மூணாவது நிமிஷம் அங்கேதான் இருக்கு.

மொபைலை சார்ஜ்ல போடுங்க பாஸ்... கிளம்பலாம்!