ஒரே நாளில் எத்தனை பறவைகள்?

"பிக் டே" என்று இங்கே சொல்லப்படும் ஒருநாள் பறவைக் கணக்கைப் பற்றி எமது வானொலியில் பேசிய பின்னர் பலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து விபரம் கேட்டிருந்தார்கள். ஒருவர் மாத்திரம், "உதுகளை எண்ணி என்ன காணப் போறியள்?" என்று கேட்டார். இரவு வேலை முடித்துவிட்டுக் காலையில் வானொலியைப் போடுகிறவர் அவர். கேள்வியும் நியாயமானதுதான். ஆகவே அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

விடயம் எளிதானது. நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை, 24 மணித்தியாலத்துக்குள் எத்தனை இனப் பறவைகளைக் கண்டுகொள்ள முடியும் என்பதே போட்டி. எத்தனை பறவை என்பதல்ல, எத்தனை இனம் என்பதுதான் கணக்கு. புல்வெளியில் இருநூறு கனடா வாத்துகள் மேய்ந்தாலும் அது பட்டியலில் ஒன்றுதான். பறவை உயிரோடும் கட்டில்லாமலும் இருக்க வேண்டும். கூண்டுக் கிளி சேராது, கூட்டில் கிடக்கும் முட்டையும் சேராது. ஆனால் கண்ணால் காணாமல் குரலை மட்டும் கேட்டு இனங்கண்டால் அது முழுக் கணக்கு. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

பறவைகளை எண்ணும் வழக்கத்துக்கு வட அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. அந்தக் காலத்தில் நத்தார் தினத்தன்று துவக்குகளோடு இரண்டு அணியாகப் பிரிந்து போய், யார் கூடுதலாகச் சுட்டு விழுத்துவது என்று போட்டி போடுவார்கள். 1900ஆம் ஆண்டு பிராங் சப்மன் என்ற பறவையியலாளர், சுடாமல் எண்ணுவோம் என்று கேட்டுக்கொண்டார். அந்த நத்தாருக்கு 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்த 25 இடங்களில் எங்கள் ரொறன்ரோவும் ஒன்று. ஒன்ராறியோவிலுள்ள லோங் பொயின்ற் பறவை ஆய்வகம் 1976இல் தொடங்கிய "பேர்டதோன்" இன்னொரு வகை. மே மாதத்தில் ஏதாவது ஒரு 24 மணித்தியாலத்தைத் தெரிந்தெடுத்து எண்ணுவது, கண்ட இனங்களுக்கேற்ப உறவினரிடமும் நண்பர்களிடமும் பணம் சேர்த்துப் பறவைப் பாதுகாப்புக்குக் கொடுப்பது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2015இலிருந்து உலகம் முழுவதற்கும் ஒரே நாளை வைக்கிறது. அது மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, அண்மைக்காலத்தில் இரண்டாவது சனிக்கிழமையாக வருகிறது. 2018 முதல் ஒக்ரோபரிலும் ஒரு நாள் உண்டு.

சாதனைகளைக் கேட்டால் மயக்கம் வரும். எக்குவடோரில் 2015 ஒக்ரோபரில் நான்கு பேர் கொண்ட அணி ஒரே நாளில் 431 இனங்களைக் கண்டது. ஆனால் என் மனதில் நிற்பது 1982இல் பெரு நாட்டின் மனு காட்டில் தியடோர் பார்க்கரும் ஸ்கொற் ரொபின்சனும் எண்ணிய 331. மோட்டார் வாகனம் எதுவுமில்லை, நடையும் வள்ளமும்தான். பார்க்கர் ஆயிரக்கணக்கான பறவைகளைக் குரலால் மட்டுமே இனங்காணக் கூடியவர் என்று சொல்வார்கள்.

நாங்கள் அந்த வகை ஆட்கள் இல்லை. எங்கள் அணி நான்கு பேர். நான், என் மகள், வாகனம் ஓட்டும் தங்கையின் மகன், எழுபதைத் தாண்டிய என் மாமி. கடைசியாகப் போன தடவை 63 இனங்கள். அனுபவமுள்ளவர்கள் அதே நாளில் அதே ஊரில் நூறைத் தாண்டுவார்கள்.

ஏன் மே மாதம்? மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்த சின்னஞ்சிறு குருவிகள் அப்போதுதான் வடக்கே திரும்புகின்றன. அநேகமானவை இரவில் பறப்பவை. இரவோடிரவாக ஒன்ராறியோ ஏரியைக் கடந்து வரும்போது விடியற்காலையில் முதலில் தென்படும் கரையில் களைத்து இறங்கும். அந்தக் கரை எங்கள் நகரம். இதையே இன்னும் பெரிதாகக் காண விரும்புவோர் நாலு மணித்தியாலம் ஓடி பொயின்ற் பீலி தேசியப் பூங்காவுக்குப் போகலாம். கனடாவின் பெருநிலத்தின் தென்கோடி முனை அது, ஈரி ஏரியைத் தாண்டும் பறவைகள் அங்கே வந்து விழுவதைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் ஒரு நாளில் போய் வருவதற்குப் பெற்றோல் காசும் களைப்பும் அதிகம். ஸ்காபுறோக்காரருக்கு அது தேவையுமில்லை.

எங்கள் வழியைச் சொல்கிறேன். விடியற்காலை நாலரைக்கு றூஜ் ஆறு ஏரியில் சேரும் சதுப்பு நிலம். இருட்டில் ஒன்றும் தெரியாது, ஆனால் வெளிச்சம் வருவதற்கு முன்னரே குரல்கள் தொடங்கிவிடும். ஏழு மணிக்கு முன் லெஸ்லி ஸ்பிற், அதாவது ரொமி தொம்சன் பூங்கா. அங்கேதான் பாதிப் பட்டியல் நிரம்பும். மத்தியானம் பறவைகளும் அடங்கிவிடும், நாங்களும் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் படுப்போம். பின்னேரம் புளஃபேர்ஸ் பூங்காவின் கரை. இரவில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தாக்கில் ஸ்கிறீச் ஆந்தைக்காகக் காத்து நிற்பது. குதிரை கனைப்பதுபோல மேலிருந்து கீழே நடுங்கி இறங்கும் குரல் அது. இதில் தந்திரம் என்று ஒன்றிருந்தால், ஒரு அபூர்வப் பறவைக்காக ஒரு மணித்தியாலத்தை வீணாக்காமல் வெவ்வேறு விதமான நிலங்களுக்குப் போவதுதான். சதுப்பு, காடு, வெட்டைவெளி, திறந்த நீர், வீதியோரம் என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு பறவைகள் இருக்கும்.

லெஸ்லி ஸ்பிற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இயற்கையான நிலமல்ல. 1950களின் கடைசியிலிருந்து நகரத்தில் இடித்த கட்டிடங்களின் கல், செங்கட்டி, கொங்கிறீற் எல்லாவற்றையும் ஏரிக்குள் கொட்டி உண்டான ஐந்து கிலோமீற்றர் நீளமான தரைமுனை. துறைமுகத்துக்காகத் தொடங்கிய வேலை. பறவைகளுக்கென்று ஆரம்பத்தில் ஒருவரும் திட்டமிடவில்லை. விதைகள் தாமாக வந்து முளைத்தன, மரம் வளர்ந்தது, பின்னர் பறவைகள் வந்தன. கரையில் அலை தேய்த்து உருண்டையாக்கிய செங்கட்டிகள் இன்றும் கிடக்கின்றன. வீடு இடிந்ததைப் பார்த்த எங்களுக்கு அந்தக் கற்குவியலின் மேல் நடப்பது கொஞ்சம் வேறு மாதிரித்தான் இருக்கும். இன்று அங்கே ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. அவற்றோடு இராக்கொக்கும் கூடு கட்டுகிறது.

அந்த இராக்கொக்கைக் கண்டதும் மாமி, "இது எங்கடை குளத்திலை நிண்டதெல்லோ!" என்றார். உண்மைதான். அதே இனம். ஊரில் மாலையில் குளக்கட்டுக்கு மேலால் "குவாக்" என்று கத்திக்கொண்டு போகுமே, அதுவேதான் இங்கும் கூடு கட்டுகிறது. இப்படி இரண்டு நாட்டிலும் காணக்கூடியவை இன்னும் சில உண்டு. தகைவிலான் குருவி உண்டு. ஆனால் இங்கே கோடையில் காண்பவை தெற்கே அமெரிக்காக் கண்டத்துக்குள்ளேயே போகின்றன, இலங்கைக்கு வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் நிற்கும் பெரிய சிவப்புச் சொண்டுள்ள கஸ்பியன் ஆலா எங்கள் ஏரியிலும் கூடு கட்டுகிறது. பிறகு, நாங்கள் அடைக்கலக்குருவி என்று சொல்லும் சிட்டுக்குருவி. ரிம் ஹோர்ட்டன்ஸ் வாசலில் டோனற் துணுக்குப் பொறுக்குகிறதே, அதுதான். அதுவும் இந்த மண்ணுக்குரியதல்ல. 1850களில் ஐரோப்பாவிலிருந்து நியூயோர்க்கின் புறூக்ளினுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், அங்கிருந்து கண்டம் முழுவதும் பரவிவிட்டது. பெயர் பொருத்தம் எப்படி!

இனிக் குரல் விடயம். பறவை பார்ப்பது என்று சொன்னாலும் பாதி வேலை காதுக்குத்தான். மே மாத நடுப்பகுதிக்குப் பின் இலை விரிந்துவிட்டால் மரத்துக்குள் இருப்பது தெரியாது. மாமி முதல் வருடம் எங்களோடு வரவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தனக்கு விருப்பமில்லை என்றார். எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹெலியா, பொம்பரா, சகடையா என்று காதுதான் முதலில் சொல்லும், அதன்பின்தான் பதுங்குகுழிக்கு ஓடுவோம். எந்தத் திசை, எவ்வளவு உயரம், வருகிறதா போகிறதா என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காது இன்னும் எங்களிடம் இருக்கிறது. பேத்தி கேட்டதற்காக அடுத்த வருடம் வந்த மாமி, றூஜ் சதுப்பில் இருட்டில் நின்றுகொண்டு மூன்று வெவ்வேறு குரல்களைத் திசையோடு பிரித்துச் சொன்னார். எங்கள் இருவருக்கும் அது ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

அவருக்கு ஆங்கிலப் பெயர்கள் வராது. தானே பெயர் வைத்திருக்கிறார். தோளில் சிவப்புப் பட்டையுள்ள கரும்பறவை "கறள் பிடிச்ச கேற்". அதன் பாட்டைக் கேட்டவர்கள் ஒத்துக்கொள்வீர்கள். சிக்கடீக்கு வேறு பெயர் தேவையில்லை, அது தன் பெயரையே சொல்லிக்கொண்டு திரியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை, ஒரு இளவேனிலுக்கு ஐந்து குரல் போதும். றொபின், கார்டினல், சிக்கடீ, புளூ ஜே, கரும்பறவை. முதலில் தாளம், பிறகு சுருதி, பிறகு எந்த மரத்திலிருந்து என்பது. கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் "மேர்லின்" 2021இலிருந்து குரலைக் கேட்டுப் பெயரும் சொல்கிறது. நல்ல உதவிதான், ஆனால் அது சொல்வது ஊகம். தொலைபேசி சொன்னது என்பதற்காக எழுதாதீர்கள், உங்கள் காது கேட்டதை எழுதுங்கள்.

அணியாகப் போனால் இன்னொரு விதி உண்டு. அமெரிக்கப் பறவையாளர் சங்கத்தின் விதிப்படி பட்டியலில் உள்ளவற்றில் 95 வீதத்தை அணியிலுள்ள எல்லோரும் கண்டிருக்க அல்லது கேட்டிருக்க வேண்டும். நூறு இனமென்றால் ஐந்தை மட்டும் ஒருவர் தனியாகக் கண்டிருக்கலாம். ஒருவரையொருவர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்துக்குள்ளேயே நிற்கவும் வேண்டும். இளம் ஆட்கள் முன்னே ஓடிப் போய் எண்ணிக்கொண்டு வர முடியாது. மாமி தடியை ஊன்றி வந்து சேரும் வரைக்கும் பட்டியல் காத்திருக்கும். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது கதிரையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு நடுவர் கிடையாது. "கண்டேன்" என்றால் கண்டதுதான். அகதி விசாரணையில் ஒவ்வொரு திகதிக்கும் ஒவ்வொரு காயத்துக்கும் ஆதாரம் கேட்கப்பட்டவர்கள் நாங்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளும் ஒரு காரியம் இந்த நாட்டில் இருப்பது எனக்கு ஆரம்பத்தில் நம்பமுடியாமல் இருந்தது. "ஈபேர்ட்" என்ற கோர்னெல் பதிவில் பட்டியலைப் போட்டால், அந்த இடத்துக்கோ காலத்துக்கோ பொருந்தாத பறவையானால் மட்டும் விளக்கம் கேட்பார்கள். நிறம், அளவு, என்ன செய்தது என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். சந்தேகமானதை விட்டுவிடுவது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

சரி, எண்ணி என்ன பயன்? வட அமெரிக்காவில் 1970இலிருந்து ஏறக்குறைய 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். நாலில் ஒன்றுக்கும் மேல். அவர்களுடைய கணக்கின் பெரும் பகுதி, எங்களைப்போன்ற சாதாரண சனங்கள் பல வருடமாக எண்ணி எழுதியவற்றிலிருந்துதான் வந்தது. ஒரு வருடத்துப் பட்டியலால் ஒன்றும் தெரியாது. அதே இடத்தில், அதே மாதத்தில், திரும்பத் திரும்ப எண்ணினால்தான் குறைவது தெரியும்.

காரணங்களில் ஒன்று எங்கள் கையிலேயே இருக்கிறது. இரவில் பறக்கும் பறவைகளை மாடிக் கட்டிடங்களின் வெளிச்சம் இழுக்கும். விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தை மெய்யான மரமென்று நினைத்து மோதிச் சாகும். 1993இல் ரொறன்ரோவில் தொடங்கிய "பிளப்" என்ற அமைப்பின் தொண்டர்கள் விடியற்காலையில் கட்டிடங்களின் அடியில் விழுந்து கிடப்பவற்றைப் பொறுக்கிக் காயப்பட்டவற்றைக் காப்பாற்றுகிறார்கள். எம்மவர்களில் எத்தனை பேர் அடுக்குமாடியில் இருக்கிறோம்! ஏப்ரல், மே மாதங்களிலும் ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரையும் இரவில் தேவையில்லாத விளக்கை அணையுங்கள், திரையை இழுத்து விடுங்கள். தனி வீட்டில் இருப்பவர்கள் யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டலாம். ஒரு பருந்துப் படத்தை மட்டும் ஒட்டினால் பயனில்லை, பறவை அதைச் சுற்றிக்கொண்டு போய் மோதும்.

வர விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தொலைநோக்கி வாங்குவதானால் 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீற்றர் என்பது முன்கண்ணாடியின் அகலம். அதைவிடப் பெரிதாகக் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஊரில் இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காவலரணைத் தாண்டியிருக்க மாட்டோம், இங்கே அடுத்த ஆள் "இன்று என்ன கண்டீர்கள்?" என்றுதான் கேட்பார். லெஸ்லி ஸ்பிற் சனி, ஞாயிறில் விடியற்காலையே திறந்திருக்கும், கிழமை நாட்களில் பின்னேரம்தான். உள்ளே தனியார் வாகனம் போகாது, நாயும் கொண்டுபோகக் கூடாது. மே மாதமென்று நம்பிப் போகாதீர்கள், ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும், தொப்பியும் தடித்த ஜக்கற்றும் வேண்டும். பிளாஸ்கில் தேத்தண்ணி, மரக்கறி றோல்ஸ். றோல்ஸை மூடி வையுங்கள், கடற்காகங்களுக்கு அதன் ருசி தெரிந்துவிட்டது.