ஏற்றத்துல மூச்சு, இறக்கத்துல முட்டி!

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் இருக்கு நெல்லிவாசல்நாடு. அங்கே சரிவில் ஏறினா மூச்சு வாங்கும். இறங்கும்போது மூச்சு ஜாலியா இருக்கும், தொடைதான் தந்தியடிக்கும்! தலைச்சுமையோடு நம்மை ஓவர்டேக் பண்ணிப் போற ஊர்க்காரங்களைப் பார்த்தா வெட்கமா இருக்கும்.

ஏன் இப்படி? நேரா நிற்கும்போது உடல் எடை முட்டிக்குச் சற்று முன்னால் விழும். மூட்டு தானே பூட்டிக்கும், முன்தொடைக்குக் கிட்டத்தட்ட லீவு. (கெண்டைக்கால்தான் பாவம், நாம முன்னால சாயாம இழுத்துப் பிடிச்சுட்டே இருக்கும்.) இறக்கத்தில் முட்டி மடங்கும், பூட்டு போச்சு. உடம்பு தடால்னு விழாம இருக்க முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கணும். அதாவது, பிரேக் வேலை. பழகாத தசை நார்களில் இதனால் நுண்ணிய சேதம் வரும். வலி உடனே தெரியாது. மறுநாளோ அதுக்கடுத்த நாளோ ஹாஸ்டல் மாடிப்படியில் பழிவாங்கும்! ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த இறக்கத்துக்குக் கொஞ்சம் தேறிடும். ஊர்க்காரங்க கால்களுக்கு அது தினசரி டிரெயினிங்.

முழங்காலுக்கு மேல் காலை இழந்தவருக்கு முட்டியில் இந்த பிரேக்கே கிடையாது. ஊன்றுற நேரத்தில் செயற்கை முட்டி மடங்கிடுமோங்கிற பயம் ஒவ்வொரு அடியிலும் இருக்கும். சென்னை ஐ.ஐ.டி. 2022-ல் வெளியிட்ட 'கதம்' (இந்தியில் காலடி) முட்டி, இதுக்காகச் சுழல் மையம் இடம் மாறுகிற மாதிரி செய்தது. குதிகால் ஊன்றும்போது அந்த மையம் எடை விழும் கோட்டுக்குப் பின்னால் நிற்கும், முட்டி மடங்காது. மெக்கானிக்கல் பசங்களே, நாம அரியர் வெச்ச 'ஃபோர் பார் லிங்கேஜ்' இதுதான்!