இயந்திரம் இரைகிறது, வள்ளம் நகரவில்லை

நோர்வேயின் கரையோர ஊர்களில் குடியேறும் எம்மவர் சிலர், இரண்டு மூன்று கோடைகள் கழியுமுன்னரே பழைய வள்ளம் ஒன்றுக்கு விலை கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடிவதில்லை. மலிவாக அகப்படுவது பெரும்பாலும் இங்குள்ளவர்கள் 'சினெக்க' என்று சொல்லும் சிறு வள்ளம். அதன் நடுவில் டீசல் இயந்திரம் பூட்டியிருக்கும்.

இந்த அமைப்பு எமக்குப் புதியதல்ல. மயிலிட்டியில் மூன்றரைத் தொன் வள்ளங்களில் போய்வந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 1956இல் நோர்வே வந்த அன்ரனி இராஜேந்திரமும் நோர்வே நண்பர்களும் உருவாக்கிய சீநோர், காரைநகரில் வள்ளம் கட்டியதையும் குருநகரில் வலை செய்ததையும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் பிள்ளைகளோடு தீவுப்பக்கம் போய்த் திரும்பும்போது, இயந்திரம் இரைந்துகொண்டிருக்க வள்ளம் மட்டும் நின்றுவிட்டால் எவருக்கும் மனம் பதறும்.

பதறிக்கொண்டு இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கவேண்டாம். முதலில் வள்ளம் பாறைப் பக்கம் இழுபடுகிறதா என்று பாருங்கள். பியோர்டுகளில் கரைக்கு மிக அருகிலேயே ஆழம் நூறு மீற்றரைத் தாண்டலாம். நங்கூரக் கயிறு அடிக்கு எட்டாது. ஆகவே துடுப்பு இல்லாமல் புறப்படுவது புத்தியல்ல. 2015இலிருந்து 8 மீற்றருக்குக் குறைந்த வள்ளங்களில், ஓட்டத்தின்போது எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவேண்டும் என்பது இங்கு சட்டம். கோடையிலும் இந்தத் தண்ணீரின் குளிர் நல்ல நீச்சல்காரனின் மூச்சையும் அடைத்துவிடும்.

அடுத்து, காதைக் கொடுங்கள். விசையைக் கூட்டும்போது இயந்திரம் வழக்கத்தைவிட இலேசாகச் சீறி எழும்புகிறதா, அல்லது பாரம் தூக்கியவன்போல முக்குகிறதா? பாதி விடை இதிலேயே இருக்கிறது.

சீறி எழும்பினால் இயந்திரத்தின் பலம் தண்ணீருக்குப் போய்ச்சேரவில்லை என்று அர்த்தம். தரைப்பலகையைத் தூக்கி, கியர் போட்டவுடன் தண்டு சுழல்கிறதா என்று எட்டி நின்று பாருங்கள். சேலைத் தலைப்பு, சால்வை, பிள்ளைகளின் கை எதுவும் அதன் அருகே போகக்கூடாது. தண்டு சுழலவில்லையென்றால், இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கியர்க் கம்பியைப் பாருங்கள். கைப்பிடி அசையும், ஆனால் அதன் மறுமுனை கழன்றோ துருப்பிடித்தோ கிடக்கும். சில நூறு குறோணர் பெறும் இந்தக் கம்பிக்காகக் கியர்ப்பெட்டி முழுவதையும் மாற்றச் செலவழித்தவர்களும் உண்டு. கம்பி சரியென்றால் கியர் எண்ணெயைப் பாருங்கள். குறைந்திருந்தால், குளிராக இருக்கும்போது இழுத்த கியர் சூடேறியதும் வழுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.

தண்டு சுழன்றும் வள்ளம் நகராவிட்டால் பிசகு பின்னால்தான். காற்றாடி கழன்று விழுந்திருக்கலாம், அல்லது அதைத் தண்டோடு பிடித்திருக்கும் ஆப்புத்துண்டு அறுந்திருக்கலாம். பேர்கனில் செய்யப்பட்ட பழைய 'சாப்' இயந்திரங்கள் பலவற்றில் இன்னொரு விசேடம் உண்டு. அவற்றில் பின்னோட்டத்துக்குத் தண்டு எதிர்ப்பக்கம் சுழலாது. காற்றாடியின் இதழ்களே திரும்பும். இதழ்கள் நடுநிலையில் இறுகிவிட்டால் தண்டு எவ்வளவு சுழன்றாலும் தண்ணீர் தள்ளுப்படாது.

பின்னோட்டம் போட்டவுடன் இயந்திரம் திடீரெனச் சீறினால், உடனே உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். தண்டு இணைப்பிலிருந்து கழன்று பின்னால் இழுபட்டிருக்கக்கூடும். அது முழுவதும் வெளியேறினால் அந்தத் துளையால் கடல் உள்ளே வரும். துணியையோ மரக்கட்டையையோ அடைத்துவிட்டு, உதவிக்கு அழையுங்கள். நோர்வேயில் கடல் மீட்புக்குத் தொலைபேசி இலக்கம் 120. வானொலிக் கருவியில் 16ஆம் அலைவரிசை.

இனி, முக்குகிற இயந்திரம். கியர் போட்டவுடன் முக்கிக் கறுப்புப் புகை கக்கி நின்றால், காற்றாடியில் கயிறோ வலையோ சுற்றியிருக்கும். திறப்பை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள். கியரை நடுநிலையில் விட்டு, ஒருவர் உள்ளே தண்டைக் கையால் பின்பக்கமாகச் சுழற்ற, மற்றவர் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவரும். கத்தியோடு தண்ணீரில் குதிக்கவேண்டாம். சென்ற வருடம் ஓடிய வேகம் இந்த வருடம் இல்லையென்றால் சிப்பியும் பாசியுந்தான் காரணமாக இருக்கும். காற்றாடி இதழில் படியும் சிறு படையே நிறைய வேகத்தைத் தின்றுவிடும்.

சும்மா நிற்கையில் ஒழுங்காக ஓடி, விசையைக் கூட்டிச் சில நிமிடங்களில் சோர்ந்தால், டீசல் வடி அடைபட்டிருக்கும். பழைய தாங்கியின் அடியில் ஊறிய அழுக்கு, அலை குலுக்கும்போதுதான் கிளம்பும். ஆகவே அமைதியான கடலில் காட்டாத குறையை மோசமான கடலில் காட்டும். மேலதிக வடியொன்றும், அதை மாற்றியபின் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் முறையும் கைவசம் இருக்கட்டும்.

வாங்கப்போகிறவர்கள் இறங்குதுறையில் இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்டுவதோடு திருப்திப்படவேண்டாம். கடலில் முழு விசையில் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பிறகு பின்னோட்டமும் போட்டுப் பாருங்கள். வழுக்கும் கியரும் அடைபட்ட வடியும் அப்போது வெளிப்படும். விற்பவர் அதற்குச் சாட்டுச் சொன்னால், பணத்தோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.