குதிரையின் அருகில் சற்று நேரம்

"டாக்டர், பூந்தமல்லிப் பக்கம் என் கொழுந்தனார் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருக்கிறார். நான் அங்கே போய் வரலாமா?"

மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி பெற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி இவ்வாறு கேட்டார். அன்று அவருடைய வெள்ளணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. "வேண்டாம் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தேன். எதுவரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சிகிச்சை முழுவதும் நிறைவுற்றுப் பல மாதங்கள் கழித்து, அறுவை செய்த பக்கத்துத் தோளை உயர்த்த இயலாமல் வந்தபோதுதான், அவர் அந்தத் தடையை இன்னமும் கடைப்பிடித்து வருவது தெரிந்தது. பிழை என்னுடையது. இக்கட்டுரையை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

சிகிச்சை முடிந்தவுடன் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று குடும்பத்தினர் எதிர்பார்ப்பது இயல்பு. உண்மையில், உறங்கினாலும் தீராத சோர்வு பல மாதங்கள் நீடிக்கக்கூடும். பாதங்கள் மரத்துப்போகும், நடையில் தடுமாற்றம் இருக்கும். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் அச்சம் தலைதூக்கும். இந்தச் சோர்வுக்கு முழு ஓய்வு மருந்தாகாது. அளவான உடலியக்கமே அதைத் தணிக்கிறது. ஆனால் 'தினமும் நடங்கள்' என்று நாங்கள் எழுதிக் கொடுப்பதை எத்தனை பேர் பின்பற்றுகிறார்கள் என்பது உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும்!

குதிரை பயன்படுவது இங்கேதான். நடைபோடும் குதிரையின் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் அசைகிறது. அமர்ந்திருப்பவரின் இடுப்பெலும்பு அவ்வசைவுக்கேற்ப இயங்கும் விதம், மனிதர் தம் கால்களால் நடக்கும்போது இயங்குவதை ஒத்தது. எனவே முதுகு, வயிற்றுத் தசைகளும் உடற்சமநிலையும் ஒருசேரப் பயிற்சி பெறுகின்றன. ஏறி அமர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குதிரையின் முதுகுக்குத் தூரிகை போடுவதற்குக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தியாக வேண்டும். இயன்முறை மருத்துவர் சுவரில் விரல்களை ஏற்றச் சொல்லித் தரும் அதே பயிற்சிதான் இது.

மனத்துக்கு நேர்வது வேறு. குதிரை இரையாகும் இனத்தைச் சேர்ந்த விலங்கு; ஆதலால் அருகில் நிற்பவரின் அசைவையும் பதற்றத்தையும் விரைவில் கவனித்துவிடும். அவசரமாக நெருங்கினால் காதுகளைப் பின்னுக்கு மடித்து விலகும். நிதானமாக நெருங்கினால் நின்றுகொள்ளும். ஓய்விலிருக்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரைதான். அதன் பக்கத்தில் நிற்க நம்முடைய வேகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நோயாளியைப் பார்த்து அது இரக்கப்படுவதில்லை, 'எந்த ஸ்டேஜ்?' என்று விசாரிப்பதும் இல்லை. உறவினர் வருகைகளால் களைத்துப்போனவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இதில் புதுமை ஏதுமில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் 1944இல் போலியோவால் தாக்கப்பட்டு முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தார். பிறர் தூக்கி அமர்த்தினால்தான் குதிரையேற முடியும் என்ற நிலையிலும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரைவழிச் சிகிச்சையின்பால் ஐரோப்பிய மருத்துவர்களின் கவனம் திரும்ப அவ்வெற்றி பெரிதும் உதவியது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் 2014இலும் 2023இலும் வெளிவந்தன. உடல்வலிமை, சோர்வு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் முன்னேற்றம் தென்பட்டதாக அவை கூறுகின்றன. ஆனால் இரண்டும் மிகச் சிலரை மட்டுமே கொண்ட ஆய்வுகள். குதிரை கட்டியைக் கரைக்காது. நோய் திரும்புவதைத் தடுக்கும் என்பதற்கும் சான்று இல்லை. அவ்வாறு சொல்லிப் பணம் கேட்பவர் எவராயினும் விலகி நில்லுங்கள்.

எப்போது கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கீமோதெரபி மருந்துகளுக்குப் பிறகு ஏறத்தாழ 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாட்களில் லாயத்தின் பக்கமே செல்லலாகாது. வைக்கோல் தூசியில் உள்ள பூஞ்சைகளும் சாணத்திலுள்ள கிருமிகளும் அப்போது ஆபத்தானவை. தட்டணுக்கள் 50,000க்குக் குறைவாக இருந்தால் குதிரையேற்றம் வேண்டாம்; சிறு விழுகையும் உள் இரத்தக்கசிவாக மாறக்கூடும். எலும்புக்குப் பரவிய நோய் உள்ளவர்களும், லெட்ரசோல் போன்ற மாத்திரைகளால் எலும்பு மெலிந்தவர்களும் தரையில் நின்றபடி பழகுவதே நல்லது. மார்பில் போர்ட் பொருத்தியிருப்பவர்கள் அதன்மீது குதிரையின் தலை இடிக்காதவாறு நிற்க வேண்டும். நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கையில் கீறல் படாதிருக்கக் கையுறை அணியுங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இரணஜன்னித் தடுப்பூசி எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதை எங்களிடம் கூறுங்கள்; அதன் கிருமி குதிரைச் சாணம் கலந்த மண்ணில் மிகுதியாக இருக்கும். குதிரைக்கு நேர் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத பகுதி. அங்கே நிற்காமல், அது காணும்படி பக்கவாட்டிலிருந்து தோள்பக்கமாக அணுகுங்கள். முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் குதிரைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குதிரையேற்றப் பள்ளிகளின் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளை நான் பரிந்துரைப்பதில்லை; கூட்டமும் இரைச்சலும் மிகுந்த இடம் அது, விழுந்தால் தாங்கப் பயிற்சி பெற்றவரும் அங்கே இல்லை. பழக்கமான குதிரையும் பொறுப்பான உரிமையாளரும் கிடைத்தால் மட்டுமே செல்லுங்கள். கிடைக்காதவர்கள் வருந்த வேண்டியதில்லை. வீட்டுப் பசுவைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதிலும் இதே கையசைவும் இதே அமைதியும் ஓரளவு உண்டு. மேற்சொன்ன எச்சரிக்கைகளும் அதற்குப் பொருந்தும்.

அந்தப் பெண்மணி இப்போது வாரம் இருமுறை பூந்தமல்லிக்குச் சென்று வருகிறார். முதல் நாள் பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினாராம். இப்போது தூரிகை குதிரையின் முதுகின் மேல்வரை எட்டுகிறதாம். ஏறவில்லை, ஏற நானும் இன்னும் அனுமதிக்கவில்லை. எலும்பு அடர்த்திப் பரிசோதனையின் முடிவைப் பார்த்தபின் அதைப் பேசுவோம் என்று தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

நீங்களும் செல்ல விரும்பினால், அண்மைய இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் வாருங்கள். நாங்கள் வேண்டாம் என்றால், எதுவரை என்று கேளுங்கள்.