தெளிவாகக் கேட்க எந்த விரியலாக்கி?

தஜ்வீத் கலையில் ஸாத், ஸாய், ஸீன் ஆகிய மூன்று எழுத்துகளுக்கும் 'ஸஃபீர்' என்னும் பண்பு உண்டு. சீட்டியொலி போன்ற மெல்லிய ஓசை என்பது அதன் பொருள். நல்ல காரிகளின் கிராஅத்தை வீட்டில் ஒலிக்கவிட்டு, கேட்டுக் கேட்டு ஓதப் பழகும் மாணவியர் பலர். அந்த மெல்லிய ஓசை மழுங்கிப் போனால், நாக்கின் நுனியைப் பற்களில் வைத்து மொழியும் ஃதாவும் ஸீனும் காதில் ஒன்றாகிவிடும். பிழையான உச்சரிப்பு அங்கேயே பதிந்துவிடும்.

இதற்கு ஒலியின் மீடிறனே காரணம். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரையான ஒலிகளைக் கேட்கும். ஸீனின் சீறல் ஓசையோ பெரும்பாலும் 4,000 ஹேட்ஸுக்கு மேலேயே உள்ளது. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹேட்ஸ் வரையே கடத்தின. அதனாற்றான் அவற்றில் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியானால் பெரிய விரியலாக்கி, அதாவது அம்ப்ளிஃபயர், வாங்கினால் போதுமா? இல்லை. சிறிய மின் சைகையைப் பெரிதாக்கி ஒலிபெருக்கியை இயக்குவதே அதன் வேலை. பதிவில் இல்லாத ஓசையை அதனால் உண்டாக்க முடியாது. 50 வாற்றுக்குப் பதிலாக 100 வாற்று வாங்கினாலும் சத்தம் 3 தெசிபெல் மட்டுமே கூடும். அது காதுக்குச் சிறிய வேறுபாடு. ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்த விரியலாக்கியும் உயர் மீடிறன்களைக் குறைக்காமலே கடத்தும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியவை வேறு. பதிவு தரமானதா? ஒலிபெருக்கியில் உயர் ஒலிக்கான 'ட்வீட்டர்' உண்டா? அது காதின் உயரத்தில், கேட்பவரை நோக்கி இருக்கிறதா? உயர் ஒலி நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. திரைச்சீலையும் மெத்தையும் அதை உறிஞ்சிவிடும். அலுமாரிக்குப் பின்னால் வைத்த விலையுயர்ந்த ஒலிபெருக்கியால் பயனில்லை.

விரியலாக்கியைத் தெரியும்போது மூன்று விடயங்களைக் கவனிக்கலாம். 'பி.எம்.பி.ஓ.' என்று பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணை நம்பாது, 'ஆர்.எம்.எஸ்.' வாற்று அளவைக் கேளுங்கள். ஒலிபெருக்கியின் ஓம் அளவு விரியலாக்கிக்குப் பொருந்த வேண்டும். 8 ஓமுக்குக் குறையக் கூடாது என்றுள்ளதில் 4 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் அது சூடேறிப் பழுதடையலாம். வலு போதாத விரியலாக்கியை முழுச் சத்தத்தில் இயக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படும். அப்போது எழும் கரகரப்பு தெளிவு அன்று. அது ட்வீட்டரையும் எரித்துவிடக்கூடும்.

முதியோரின் செவியில் முதலில் குறைவது உயர் ஒலியே. உம்மம்மாவுக்காகச் சத்தத்தைக் கூட்டுவதைவிட 'ட்ரெபிள்' திருகியைச் சற்றுக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

கடைக்குச் செல்லும்போது நன்கு பழகிய ஒரு கிராஅத்தை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு கருவிகளையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தம் கூடியது எப்போதும் சிறந்தது போலத் தோன்றும். ஸீனும் ஃதாவும் வேறுவேறாகக் கேட்டால், குறைந்த விலைக் கருவியே வீட்டுக்குப் போதுமானது.