பினாங்குக்குப் போறீங்களா? படகுத்துறைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க

பள்ளி விடுமுறை வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது "பினாங்கு போலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். திட்டம் எப்போதும் ஒன்றுதான். கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையில் கார், மதியம் நாசி கண்டார், சாயங்காலம் பத்து ஃபெரிங்கி கடற்கரை, மறுநாள் கொடிமலை, அப்புறம் நெரிசலில் மாட்டிக்கொண்டு வீடு. இருபது வருஷமாக இப்படித்தான் போய் வந்தோம். தப்பு ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கும் சந்தோஷம்தான்.

இந்த முறை அம்மா குறுக்கே ஒரு கேள்வி போட்டார். "அப்பா கப்பல்லேருந்து எறங்குன எடத்தைக் காட்டுறியா?" அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, அங்கேயே கண்ணை மூடினார். எத்தனையோ தடவை பினாங்கு போயிருக்கிறோம், ஒரு தடவைகூட இதை யோசிக்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதனால் பழைய திட்டத்தைத் தூக்கிப் போட்டேன். முதல் மாற்றம், வார இறுதி வேண்டாம், செவ்வாய், புதன் போதும் என்று முடிவு செய்தது. இரண்டாவது, தங்கும் இடம். கடற்கரை ஹோட்டலை விட்டுவிட்டு ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே அறை எடுத்தோம். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரமாக அறிவித்த பகுதி அது. காரை நிறுத்திவிட்டால் பாதி இடங்களுக்கு நடந்தே போகலாம். வயதானவர்கள் கூட வந்தால் காலை எட்டிலிருந்து பத்துக்குள் நடையை முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும்.

போகும்போது முதல் பாலத்தில் போனோம். 1985இல் திறந்த பாலம். டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான், திரும்பும்போது கிடையாது. தீவை நெருங்கும்போது இடது பக்கம் பச்சையாக ஒரு குட்டித் தீவு தெரியும், அதுதான் ஜெரெஜாக். 1870களிலிருந்து அங்கே தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள், கப்பலில் வந்த கூலித் தொழிலாளர்களையும் நோய்க்குப் பயந்து அங்கேதான் தடுத்து வைத்தார்கள். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் மலாயாவில் முதல் ராத்திரி தூங்கிய இடம் அதுவாக இருக்கலாம். காரில் ஒரு நிமிஷத்தில் கடந்துவிடுகிறோம். ஓட்டுபவர் பார்க்க முடியாது, பின்னால் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, கோயில்கள். தைப்பூசத்துக்குப் போனால் அது வேண்டுதல், சுற்றுலா இல்லை. அன்றைக்கு வேறு எதையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். சாதாரண நாளில் தண்ணீர்மலை முருகன் கோயில் அமைதியாக இருக்கும். ஆனால் படிகள் ஐந்நூறுக்கு மேல். அம்மாவை ஏற்ற முடியாது என்பதால் பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு, நாங்கள் கீழே நாட்டுக்கோட்டை செட்டியார் கோயிலில் உட்கார்ந்தோம். 1857இல் கட்டியது, ஏறி இறங்கும் தொல்லை இல்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

ஊருக்குள் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833இலிருந்து இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்களின் வரலாறு அதில் அடங்கியிருக்கிறது. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கிகளும் இந்தத் தெருக்களில்தான். நாசி கண்டாரும் இங்கே பிறந்ததுதான். தோளில் காவடி மாதிரி கழியைத் தாங்கி, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி என்று துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. இன்றைக்கு அதற்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கிறோம்! புகழ்பெற்ற கடைதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள், பக்கத்துக் கடையிலும் அதே ருசிதான் என்பது என் கட்சி.

பிள்ளைகள் கேட்டது ஆர்மேனியன் ஸ்திரீட்டில் இருக்கும் அந்த சைக்கிள் சுவரோவியம். அதையும் பார்த்தோம், படமும் எடுத்தோம். கொடிமலை ரயிலை மட்டும் இந்த முறை விட்டுவிட்டேன். 1923இலிருந்து ஓடுகிறது, அடுத்த தடவையும் ஓடும்.

கடைசி நாள் காலையில் துறைமுகம். 'ரஜூலா' மாதிரி கப்பல்கள் நின்ற இடத்தில் இப்போது உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. தாத்தா எந்தப் படிக்கட்டில் கால் வைத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பெர்ரியில் ஏறினோம். காரோடு ஏறும் பழைய பெர்ரி 2020 கடைசியோடு நின்றுபோனது. 2023இலிருந்து ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். வெல்ட் கீயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த், அங்கிருந்து அடுத்த படகில் திரும்பி வந்துவிடலாம். செலவு சில ரிங்கிட்தான்.

திரும்பி வரும்போது நகரம் மெதுவாகக் கிட்டே வந்தது. அம்மா சன்னல் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அவருக்கு அப்ப பதினேழு வயசு. கூட யாருமே இல்ல" என்றார். என் சின்ன மகனுக்கு வயது பதினாறு. காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, "யாரு பாட்டி?" என்று கேட்டான்.

படகு கரை தொடும் வரை அம்மா அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி விஷயம் எனக்கே தெரியாது.